பால் கொடுக்கும்போது கந்த சஷ்டி விரதம் இருக்கலாமா? அம்மாவின் விரதத்தை நான் எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை

தேரிக்காட்டுப் பொண்ணு
11 அக்டோபர் 2025

எல்லாருக்கும் வணக்கம். சஷ்டி விரதம் இருந்து பழகினவங்க, அதுலயும் கைக்குழந்தையோட இருந்தவங்க யாராவது இருந்தா பதில் சொல்லுங்க.

எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். கல்யாணமாகி ஓசூர்ல இருக்கேன். எனக்கு ரெண்டு வயசுல விடாத காய்ச்சல் வந்து பதினேழு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேனாம். பிள்ளை பிழைச்சு வீட்டுக்கு வந்தா காலம் முழுக்க சஷ்டி இருக்கேன்னு அம்மா நேர்ந்துக்கிட்டா. அதுல இருந்து முப்பத்தொரு வருஷமா ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

அம்மா இருக்கிறது மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, ரெண்டாம் நாள் ரெண்டு, அப்படியே ஆறாம் நாள் ஆறு. அதோட சாயங்காலம் ஒரு இளநி. வேற எதுவும் கிடையாது. அந்த மிளகை அஞ்சறைப் பெட்டியில இருந்து எடுக்க மாட்டா. புரட்டாசியிலயே தனியா வாங்கி, முறத்துல போட்டுப் புடைச்சு, பொக்கு இல்லாததாப் பாத்து இருபத்தொன்னு எண்ணி ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடத்துல போட்டு முருகர் படத்துக்குக் கீழ வெச்சுருவா. சின்ன வயசுல அந்தச் சம்புடத்தை நான் தொடப் போனாலே அடி விழும். அவ மிளகைக் கடிக்கிற சத்தம் இப்பவும் என் காதுல இருக்கு.

மூணு வருஷமா அம்மாவுக்கு சுகர். இந்த ஜூன்ல இருந்து ரெண்டு வேளை இன்சுலின். விரதம்கிற பேச்சே இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். போன வாரம் போன்ல அம்மா அழுதுட்டா. "விட்டுப் போகக் கூடாது மக்கா. இந்த வருஷம் நீ பிடிச்சுக்கோ. உன் பிள்ளைக்குன்னு நீ இரு"ன்னு சொன்னா. சரிம்மான்னு சொல்லிட்டேன்.

சொன்னதுக்கு அப்புறம்தான் பயம் வந்துச்சு. கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழிச்சு இந்த மார்ச்லதான் பையன் பிறந்தான். ஏழு மாசம். காலையில ராகிக் கஞ்சி, மத்தியானம் பருப்பு சாதம்னு ஆரம்பிச்சிருக்கேன். ஆனாலும் முக்கால்வாசி என் பால்தான். ராத்திரி மூணு தடவை எழுந்திருப்பான்.

வர்ற 22-ம் தேதி தொடங்கி 27 திங்கட்கிழமை சூரசம்ஹாரம். எப்படி இருந்தா பிள்ளைக்குப் பால் குறையாது? அம்மா மாதிரி மிளகு மட்டும்னு இருக்க முடியுமா? இன்னொரு கவலையும் இருக்கு. நான் இருந்தாலும், அம்மா எனக்குத் தெரியாம ஊசியைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்துருவாளோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல.

---

ராத்திரி ஷிஃப்ட்
11 அக்டோபர் 2025

பிரசவ வார்டுல பதினாலு வருஷமா நர்ஸா இருக்கேன். உங்க ரெண்டு கேள்வியில ரெண்டாவதுதான் அவசரம், அதனால அதை முதல்ல சொல்றேன்.

இன்சுலின் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை ரொம்பக் கீழ இறங்கிரும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், அப்படியே மயக்கமும் வரலாம். வீட்டுல தனியா இருக்கிற அம்மாவுக்கு இது உயிருக்கு ஆபத்து. ஊசியைத் தானா நிறுத்துறதும் தப்பு. அவங்களுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட "இந்த ஆறு நாள் இப்படி"ன்னு நேரடியாச் சொல்லிக் கேளுங்க. முடிஞ்சா அந்த ஆறு நாளும் யாராவது கூட இருங்க.

உங்களுக்கு: பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாசம் ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலா வேணும். ஏழாம் மாசத்துல இருந்து வருஷம் முடியிற வரைக்கும் 520. இது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. மிளகும் இளநியும் அதுக்குப் பக்கத்துலகூட வராது. அதனால மிளகு மட்டும்னு இருக்க வேண்டாம். தண்ணியைக் குறைக்கவே கூடாது. குழந்தை நாள் முழுக்க ஆறு தடவையாவது நல்லா ஒன்னுக்குப் போறானான்னு எண்ணுங்க. குறைஞ்சா அன்னைக்கே சாப்பிட்டுருங்க.

---

கடற்கரை ஆச்சி
12 அக்டோபர் 2025

மக்களே, நீ எழுதினத என் பேத்தி வாசிச்சுக் காட்டினா. நான் சொல்லச் சொல்ல அவதான் அடிக்கா. எனக்கு அறுபத்தாறு வயசு. முப்பதுக்கு மேல சஷ்டிக்குச் செந்தூர்ல பந்தல்லயே பாய் போட்டுப் படுத்துக் கிடந்திருக்கேன். உன் அம்மாவக்கூட எங்கயாவது பாத்திருப்பேன்.

1986-ல என் ரெண்டாவது மவனுக்கு அஞ்சு மாசம். அவன் வயித்துல இருக்கும்போதே நேர்ந்தது. எங்க மாமியா "பிள்ளைக்காரிக்கு விரதம் எதுக்கு"ன்னு தடுத்தாங்க. நான் கேக்கல. பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன். விடியுமுன்ன கடல்ல குளி, பொறவு நாழிக்கிணத்துல ஒரு வாளி, ஈரச் சேலையோட கோயில். காலையும் சாயங்காலமும் ஒரு செம்பு தண்ணி. அவ்வளவுதான் என் ஆகாரம்.

ரெண்டு நாள் ஒன்னும் தெரியல. எனக்கு உடம்பு லேசா, மனசு தெளிவா இருந்துது. அந்தத் தெளிவுதான் என்னை ஏமாத்திட்டு. மூணாம் நாள் ராத்திரி பிள்ளை உறங்கல. மார்ல வாய வைக்கான், நாலு இழுப்பு இழுக்கான், விடுதான், முகத்தத் திருப்பி அழுதான், திரும்பவும் வந்து முட்டுதான். பசியில அழுதான்னு எனக்குத் தோணவே இல்ல. கடக்காத்து ஒத்துக்கலன்னு நெனச்சு முந்தானையப் போட்டுப் பொத்தினேன். விடிஞ்சு பாத்தா அவனுக்குக் கட்டியிருந்த துணி ராத்திரி கட்டினபடியே காஞ்சு கிடக்கு. உச்சிக்குழி உள்ள இறங்கியிருக்கு. விரல வெச்சா குழியிது. அழுகைகூட சத்தமா வரல.

எனக்கு அடுத்த பாயில சிவகாசிப் பக்கத்துல இருந்து வந்த ஒரு பாட்டி. எழுவது வயசு இருக்கும். ஆறு பெத்தவங்க. அவங்க இளநி விரதம். பிள்ளை தலையில கைய வெச்சுப் பாத்தாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எந்திரிச்சு வெளிய போனாங்க. எங்க இருந்தோ கருப்பட்டியக் கரைச்சு வெதுவெதுன்னு ஒரு செம்பு நெறையக் கொண்டாந்து, அவங்களுக்கு வெச்சிருந்த இளநியையும் வெட்டி என் முன்னால வெச்சு "குடிட்டி"ன்னாங்க.

"விரதம் போயிருமே பாட்டி"ன்னு சொன்னேன்.

அவங்க சொன்னத அப்படியே சொல்லுதேன். "சரவணப் பொய்கையில பொறந்த ஆறு பிள்ளைக்கும் கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேரு பால் குடுத்துல்லா வளத்தாங்க. அவன் கோயில்ல வந்து, உன் பிள்ளை பாலில்லாம கெடக்கும்போது நீ விரதம்னு நிக்கியே. அவனுக்கு அது சம்மதமாட்டி?"

நான் அழுதுக்கிட்டே குடிச்சேன். எங்க வீட்டுக்காரர் ஓடி வந்து பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக. உப்பும் சீனியும் கலந்த தண்ணிய ஸ்பூன்ல குடுக்கச் சொன்னாங்க. நான் கஞ்சி குடிச்சேன், சோறு தின்னேன். ரெண்டு நாளு ஆச்சு மாரு பழையபடி கனக்க. ஆறாம் நாள் சாயங்காலம் அவனத் தோள்ல போட்டுக்கிட்டுக் கூட்டத்துக்கு வெளிய நின்னுதான் சம்ஹாரம் பாத்தேன். ஆனைத்தல விழுந்தது தெரிஞ்சுது. சிங்கத்தல விழுந்தது தெரிஞ்சுது. சூரன் தல விழும்போது இவன் பால் குடிச்சுக்கிட்டு இருந்தான், நான் பாக்கல.

அந்த மவனுக்கு இப்ப முப்பத்தொம்பது வயசு. தூத்துக்குடித் துறைமுகத்துல வேலை.

அதுக்குப் பொறவு அவன் பால்குடி மறக்குத வரைக்கும் நான் ஒருநேரம்தான் இருந்தேன். ஒருநேரம்னா காலையில பாலும் பழமும், உச்சிக்கு வயிறு நெறையச் சோறு, ராத்திரி கஞ்சியும் பாலும். உள்ளி, வெங்காயம் கிடையாது. சிறுபருப்பு, நெய்யி, கீரை, தயிரு எல்லாம் உண்டு. இதுவும் விரதந்தான். செந்தூர்ல வருஷா வருஷம் இப்படி இருக்கவங்கதான் கூட. மொத்தமாப் பட்டினி கிடக்குதது 1988-ல இருந்துதான் மறுபடி ஆரம்பிச்சேன்.

நீயும் ஒருநேரம் இரு. அம்மா மாதிரி மிளகு வேணும்னா சோத்துக்கு முன்னால அன்னைக்குள்ள மிளகக் கடிச்சுக்கோ. கணக்கு விடாது, பாலும் குறையாது.

அம்மா விஷயம். "சும்மா இரு"ன்னு மட்டும் சொல்லிராத. முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம், சும்மா இருக்கச் சொன்னா அவ ஒளிச்சுத்தான் செய்வா. அவள உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. விளக்கு ஏத்துதது, கவசம் படிக்கிறது, உனக்கு மிளகு எண்ணித் தாரது, எல்லாம் அவ செய்யட்டும். முதல் நாள் காலையில சாமி முன்னால நின்னு "முருகா, இதுவரைக்கும் நான், இனிமே எம் பொண்ணு"ன்னு அவ வாயாலயே சொல்லச் சொல்லு. அத அவ சொல்லிட்டான்னா ஊசி போட்ட உடனே சாப்பிட்டுருவா.

என்னைக்காவது பிள்ளையத் தூக்கிட்டு சஷ்டிக்கு வந்தீன்னா, சம்ஹாரம் முடிஞ்ச உடனே எல்லாரையும் மாதிரி கடலுக்குப் போயிராத. உள்ள சாயாபிஷேகம் நடக்கும். சாமிக்கு முன்னால கண்ணாடியப் பிடிச்சு, அதுல தெரியுத நிழலுக்கு அபிஷேகம் பண்ணுவாங்க. சண்டை போட்டு வந்த பிள்ளைக்குக் குளிப்பாட்டி விடுத மாதிரி இருக்கும். எனக்கு ஒவ்வொரு வருஷமும் கண்ணு நெறஞ்சிரும்.

---

வடமராட்சிப் பிள்ளை
13 அக்டோபர் 2025

ஆச்சி எழுதினதை வாசிச்சுப்போட்டு அழுதிட்டன்.

யாழ்ப்பாணத்திலை நாங்கள் கந்தசட்டி எண்டுதான் சொல்லுறது. ஆறு நாளும் கோயில்லை புராண படிப்பு நடக்கும். கச்சியப்பர் பாடின கந்தபுராணத்தை ஒருத்தர் வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பாட்டின்ரை பொருள், சொல்லுவார். என்ரை அப்பப்பா எங்கடை ஊர்க் கோயில்லை பயன் சொன்னவர். அவற்றை மடியிலை இருந்து கேட்டபடியாலை எனக்கு ஒரு இடம் நல்லா ஞாபகம்.

உற்பத்தி காண்டத்திலை வரும். உமையம்மை சரவணப் பொய்கைக்கு வந்து ஆறு பிள்ளையளையும் ஒண்டா அணைச்சு எடுத்துப் பால் குடுக்கேக்கை, அந்தப் பால் பொய்கையிலையும் சிந்துது. அங்கை பராசர முனிவற்றை பிள்ளையள் ஆறு பேர் சாபத்தாலை மீனாக் கிடக்கினம். அந்தப் பாலைக் குடிச்சு அவைக்குச் சாபம் தீருது. அப்பப்பா அந்த இடத்திலை மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டுத்தான் பயன் சொல்லுவார்.

எங்கடை அம்மா ஆறு நாளும் பால்பழம் மட்டும் எடுத்து ஏழாம் நாள் பாரணை பண்ணுறவ. ஆனால் என்ரை தங்கச்சி கைக்குழந்தையாய் இருந்த வருசம் அம்மா சோறு சாப்பிட்டவ. ஒருத்தரும் அவவைக் குறை சொல்லேல்லை. நீங்கள் யோசிக்காதையுங்கோ.

---

கங்கைக் கரையிலிருந்து
13 அக்டோபர் 2025

நான் மதுரைக்காரி. அவர் வேலை காரணமா பதினோரு வருஷமா பாட்னாவுல இருக்கோம். இங்க அம்மாக்கள் பிள்ளைங்களுக்காக இருக்கிற விரதத்துக்கு ஜிதியான்னு பேர். போன மாசம்தான் முடிஞ்சுது.

மூணு நாள் விரதம். முதல் நாள் குளிச்சுட்டு ஒரு தடவை நல்லா சாப்பிடுவாங்க. கேழ்வரகு ரொட்டி, நோனின்னு ஒரு கீரை (நம்ம பருப்புக்கீரைதான் அது), பீர்க்கங்காய். மிதிலைப் பக்கத்துக்காரங்க அன்னைக்கு மீன்கூட சாப்பிடுவாங்க, நோன்புக்கு முன்னாடி மீனான்னு முதல் வருஷம் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. மறுநாள் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. மூணாம் நாள் விரதத்தை முடிப்பாங்க. ரெண்டாம் நாள் விடியறதுக்கு முன்னாடி பருந்துக்கும் நரிக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பாங்க, அந்த விரதத்தோட கதையில அந்த ரெண்டும் வருது.

இதை ஏன் சொல்றேன்னா, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு மூணு வருஷம் முன்னாடி கைக்குழந்தை. தண்ணியில்லாம அவளால எப்படி இருக்க முடியும்? அவ மாமியாரே "உன் பங்கையும் சேர்த்து நான் இருக்கேன், நீ கதை மட்டும் கேளு"ன்னு சொல்லிட்டாங்க. உங்க வீட்டுல அம்மாகிட்ட இருந்து பொண்ணுக்கு வருது, அங்க மருமககிட்ட இருந்து மாமியாருக்குப் போச்சு. அந்தச் சிவப்பு மஞ்சள் கயிறை அந்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் குழந்தை கழுத்துல போட்டாங்க.

இன்னொன்னு. இங்கயும் வங்காளத்துலயும் குழந்தைகளைக் காக்கிற தாய்க்கு சஷ்டின்னே பேர். பூனை வாகனம். தேவி பாகவதத்துல அவளைத் தேவசேனைன்னு சொல்லியிருக்கு, அதாவது நம்ம தெய்வானை. இது தெரிஞ்ச நாள்ல இருந்து, பிறந்த ஊரை விட்டு ரொம்ப தூரம் வந்துட்டோம்கிற நினைப்பு எனக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

---

தேரிக்காட்டுப் பொண்ணு
28 அக்டோபர் 2025

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, நீங்க எழுதினதை அம்மாவுக்கு போன்லயே முழுசா வாசிச்சேன். முடிச்சதும் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "எந்த ரயில்ல வரணும்?"னு மட்டும் கேட்டா.

தீபாவளிக்கு மறுநாள் வந்து இறங்கினா. டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வேளை வேளைக்கு என்ன சாப்பிடணும்னு எழுதி வாங்கியிருந்தோம். முதல் நாள் காலையில நீங்க சொன்ன மாதிரியே விளக்கேத்திட்டு "இனிமே எம் பொண்ணு"ன்னு சொன்னா. சொல்லும்போது குரல் உடைஞ்சுருச்சு. ஊசி போட்டதும் மூணு இட்லி வெச்சேன். சாமி அலமாரிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டா. ரெண்டாம் நாளும் அப்படித்தான். நான் ஒன்னும் சொல்லல. நாலாம் நாள் பார்த்தா பேரனை மடியில வெச்சுக்கிட்டு அலமாரிக்கு நேரா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா.

நான் ஒருநேரம்தான் இருந்தேன். காலையில பாலும் நேந்திரம்பழமும், மத்தியானம் சிறுபருப்பும் நெய்யும் போட்டுச் சாதம், ராத்திரி கஞ்சி. நர்ஸக்கா சொன்னபடி துணியை எண்ணினேன். ஒரு நாளும் ஆறுக்குக் குறையல. ஐந்தாம் நாள் ராத்திரி மட்டும் பையன் ரொம்ப அழுதான். ஆச்சி எழுதினது ஞாபகம் வந்து கை நடுங்கிருச்சு, உச்சியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில பார்த்தா கீழ ஈறுல வெள்ளையா ஒரு அரிசி முனை. முதல் பல்லு.

ஒன்னு மட்டும் சொல்லணும். முதல் நாள் மிளகு எடுக்கச் சம்புடத்தைத் திறந்தேன். பிறந்ததுல இருந்து அன்னைக்குத்தான் அதை முதல் தடவையாத் தொடுறேன். பார்த்தா இருபத்தொன்னை விட அதிகமா இருந்துச்சு. எண்ணினேன். நாற்பத்திரண்டு. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "மிளகு சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலல்லா"ன்னு கேட்டா. அதனால ஆறு நாளும் அவ இட்லிக்கு முன்னால, நான் சோத்துக்கு முன்னால, அன்னைக்குள்ள கணக்கை ஆளுக்கு ஆள் எண்ணிக் கொடுத்துக்கிட்டோம். நேத்து டிவியில சம்ஹாரம் பார்த்துட்டு ஆளுக்கு ஆறு.

இன்னைக்குத் திருக்கல்யாணம் முடிஞ்சு ராத்திரி வண்டிக்கு அம்மா கிளம்பிட்டா. அவர் ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்துட்டார். சம்புடத்தைக் கழுவித் துடைச்சு எங்க வீட்டு முருகர் படத்துக்குக் கீழயே வெச்சுட்டுப் போயிருக்கா.